பிட்டோவாவும் ஃபைட்டும்: ஒரு குரலும் ஒரு முரசும் இணைந்திருந்த ஆண்டுகள்

கருங்காலி எழுதியது:

செக்கோஸ்லோவாக்கியாவின் பிர்னோ நகரத்திலிருந்து எண்பதுகளின் பிற்பகுதியில் வெளிப்பட்ட இவா பிட்டோவா, பாவெல் ஃபைட் என்ற இருவர் ராக் அணியைப் பற்றி இங்கே விரிவாகப் பேச விரும்புகிறேன். பிட்டோவா பாடினார், வயலின் வாசித்தார். ஃபைட் டிரம்ஸும் பிற தாளக் கருவிகளும் வாசித்தார். 1987இல் பன்டோன் நிறுவனம் இருவரின் பெயரையே தலைப்பாகக் கொண்ட இசைத்தட்டை வெளியிட்டது. அடுத்து 'ஸ்வத்பா' என்ற இசைத்தட்டு ஜெர்மனியில் ரிவியூ ரெக்கார்ட்ஸ் வழியாக 1988இல் வந்தது. 'ஸ்வத்பா' என்றால் திருமணம். அணியின் பெயரில் நிற்கும் முதன்மையான பதிவுகள் இவ்விரண்டே.

பிட்டோவாவைப் பற்றி எழுதுவோரில் பலர் இந்த ஆண்டுகளை அவருடைய தனி வாழ்க்கைக்கு ஏறிய முதற்படி என்று ஒரு பத்தியில் குறிப்பிட்டுவிட்டு, 1991இல் வந்த தனி இசைத்தட்டுக்கு நகர்ந்துவிடுகிறார்கள். ஃபைட்டோ 'தாளத் துணை' என்ற இரண்டு சொற்களோடு முடிந்துபோகிறார். இந்தக் கணக்கு தவறானது என்று நான் பல ஆண்டுகளாக எண்ணி வருகிறேன். அந்த 1987 இசைத்தட்டில் துணை வாசிப்பு என்று தனியே பிரித்துக் காட்டக்கூடிய பகுதி மிகக் குறைவு. குரல் பல இடங்களில் மெட்டைக் கைவிட்டு, நாக்கும் உதடும் பல்லும் எழுப்பும் ஓசைகளால் காலத்தை வெட்டிக் கொடுக்கிறது; அப்போது மெட்டைச் சுமப்பது டிரம்ஸ் தொகுப்பில் உள்ள டாம்-டாம் முரசுகளின் ஏற்ற இறக்கம்தான். மெட்டு குரலுக்கும் காலக்கணக்கு முரசுக்கும் உரியவை என்று பிரித்துக் கேட்டே பழகிய நம் காதுகளுக்கு இந்தக் கைமாற்றம் முதலில் குழப்பத்தைத் தரும். அந்தக் குழப்பத்தைக் கடந்து கேட்டவர்களின் எண்ணத்தை அறிய விரும்புகிறேன்.

மாலைநேரம் எழுதியது:

நண்பர் கருங்காலிக்கு வணக்கம். உங்கள் பதிவைப் படித்த பிறகுதான் இவர்களை முதன்முறையாகக் கேட்டேன். எனக்கு இரண்டு ஐயங்கள். இதை ராக் என்று ஏன் சொல்கிறீர்கள்? நாட்டார் இசை என்றோ, தன்னிச்சை இசை என்றோ சொல்வது பொருந்தாதா? இரண்டாவதாக, வாயால் தாளம் சொல்வதைக் கேட்டதும் எனக்குக் கொன்னக்கோல்தான் நினைவுக்கு வந்தது. அந்த ஒப்பீடு சரியா?

தவில்வீதி எழுதியது:

கொன்னக்கோல் ஒப்பீட்டுக்கு மட்டும் நான் பதில் சொல்லலாம் என்று நினைக்கிறேன். சிறு வயதில் தவில் கற்றவன் என்ற உரிமையில் சொல்கிறேன். கொன்னக்கோலின் ஒவ்வொரு சொல்லுக்கும் பின்னால் தோலின் மீது விழும் ஒரு குறிப்பிட்ட அடி இருக்கிறது. எண்ணிக்கை பிசகினால் சொல்பவரும் கேட்பவரும் உடனே உணர்ந்துவிடுவர். பிட்டோவா எழுப்பும் ஓசைகளுக்கு அப்படிப்பட்ட அகராதி கிடையாது. அவை பறவையின் ஒலியாகவும், அழும் குழந்தையின் விக்கலாகவும், கோபத்தில் பல்லைக் கடித்துப் பேசும் கிழவியின் முணுமுணுப்பாகவும் மாறிக்கொண்டே போகின்றன. நம் ஊர் இசையில் ஒன்று போலிருக்கிறதே என்று மகிழ்வதற்காக அவர்களுடைய இசையைச் சுருக்கிவிடக் கூடாது.

கருங்காலி எழுதியது:

தவில்வீதி ஐயாவுக்கு நன்றி. ராக் என்று நான் சொல்வதற்குக் காரணம், ஃபைட் எங்கிருந்து வந்தார் என்பதே. 1957இல் பிறந்த அவர் பிர்னோவின் மாற்று ராக் வட்டத்தில் வளர்ந்தவர்; 'டுனாய்' குழுவில் டிரம்ஸ் வாசித்தவர். டுனாய் என்பது டான்யூப் ஆற்றின் செக் பெயர். அந்தக் குழுவில் யிர்ஷி கொல்ஷொவ்ஸ்கி பாடினார், யோசெஃப் ஓஸ்த்ரான்ஸ்கி கிட்டார் வாசித்தார், விளாதிமீர் வாட்ஸ்லாவெக் பேஸ் வாசித்தார். அவர்களுடைய இசை வரிசை வரிசையாகத் திரும்பி வரும் கடினமான தாளக் கட்டுகளின் மீது நிற்பது. பிட்டோவாவும் டுனாயோடு பாடியிருக்கிறார். 1989இல் அந்தக் கூட்டணியின் இசைத்தட்டும் வெளிவந்தது. ஆகவே இருவர் அணியில் ஃபைட் கொண்டுவந்து வைத்தது ராக் குழுவின் உடல் வலிமை: ஒரே உருவைப் பல முறை சுற்றவிட்டு, சுற்றுக்குச் சுற்று அழுத்தத்தை ஏற்றி, கேட்பவர் எதிர்பார்க்கும் இடத்தில் சட்டென்று நிறுத்துவது. அந்தச் சுற்றின் மேல்தான் ஸ்லாவிய மரபிலிருந்தும், ஜிப்சிகள் என்று பலர் அறிந்த ரோமா மக்களின் மரபிலிருந்தும் வரும் குரல் ஏறி அமர்கிறது. நாட்டார் இசை என்று மட்டும் சொன்னால் அந்த அடித்தளம் கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும்.

வெண்பாமணி எழுதியது:

இந்த இழையில் மொழியைப் பற்றி எவரும் இன்னும் பேசவில்லை என்பதால் நான் சற்று நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ள வேண்டும்.

செக் மொழியில் ஒரு சொல்லின் முதல் அசைமீதே அழுத்தம் விழுகிறது. ஆனால் நீளம் என்பது அழுத்தத்தோடு பிணைக்கப்பட்டதன்று. நம்மைப் போலவே அவர்களுக்கும் குறில் நெடில் வேறுபாடு உண்டு, நெடில் சொல்லின் எந்த இடத்திலும் வரலாம். இதனால் ஒரு சொல்லுக்குள்ளேயே இரண்டு தாளங்கள் ஓடுகின்றன. முதல் அசையின் இடியிலிருந்து ஒன்று பிறக்கிறது, பின்னால் எங்கோ நீளும் உயிரிலிருந்து மற்றொன்று பிறக்கிறது. ஒரு டிரம்ஸ் வாசிப்பவர் இதைக் கேட்டால், இடியைக் காலுக்கும் நீட்சியைக் கைக்கும் கொடுக்கலாம் என்று அவருக்குத் தோன்றாமல் இருக்காது.

இதைவிடச் சுவையான செய்தி ஒன்று உண்டு. மெய்யை உயிரின் துணையின்றி இயக்க முடியாது என்பது நம் இலக்கண மரபின் அடிப்படை. செக் மொழியிலோ ரகர, லகர ஒலிகள் உயிரில்லாமல் தாமே ஓர் அசையாக நிற்கும். ஓநாயைக் குறிக்கும் 'வ்ல்க்', விரலைக் குறிக்கும் 'ப்ர்ஸ்த்', மரணத்தைக் குறிக்கும் 'ஸ்ம்ர்த்' ஆகிய சொற்களில் உயிரெழுத்தே இல்லை. பிர்னோ என்று நாம் இகரம் சேர்த்து எழுதுகிற ஊரின் பெயரும் உண்மையில் 'ப்ர்-னோ' என்ற ஈரசைச் சொல்தான். அதன் முதல் அசையில் உயிர் கிடையாது. இத்தகைய மொழியில் பாடுகிறவருக்கு, பாட்டிலிருந்து தாள ஒலிக்குப் போவதற்குத் தனியாக ஒரு தாவல் தேவையில்லை. பேசும் வாய்க்குள்ளேயே முரசு இருக்கிறது. பிட்டோவா ஒரு வரியைப் பாடிக்கொண்டிருக்கும்போதே அதன் மெய்யெழுத்துகளை மட்டும் பிடித்துக்கொண்டு உயிரை உதறிவிடுவது போல எனக்குக் கேட்கும் இடங்கள் இதனால்தான் இவ்வளவு இயல்பாக ஒலிக்கின்றன என்று நினைக்கிறேன்.

பிர்னோவுக்கு இதில் ஒரு பழைய உறவும் உண்டு. இசையமைப்பாளர் லியோஷ் யானாச்செக் தம் வாழ்நாளின் பெரும்பகுதியைக் கழித்த நகரம் அது. சந்தையில் காய் விற்பவர், தெருவில் விளையாடும் சிறுவர், வாயிலில் நின்று வம்பளக்கும் பெண்கள் என்று எல்லோருடைய பேச்சின் ஏற்ற இறக்கங்களையும் அவர் இசைக் குறிப்புகளாகப் பல பத்தாண்டுகள் எழுதி வைத்தார். 1903இல் மகள் ஓல்கா மரணப் படுக்கையில் பேசிய கடைசிச் சொற்களின் மெட்டையும் அவர் குறித்து வைத்திருக்கிறார். அந்தத் துயரத்திலும் ஒரு தந்தையின் கை எழுதியது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு கனக்கிறது. நாட்டார் பாடல் தொகுப்பாளர் ஃபிரான்டிஷெக் பார்டோஷுடன் சேர்ந்து பிர்னோவைச் சுற்றியுள்ள மொராவியா பகுதியின் 2,000க்கும் மேற்பட்ட பாடல்களை வெளியிட்டவரும் அவரே. பேச்சே இசையின் விதை என்ற எண்ணம் அந்த நகரத்தின் காற்றில் இருந்தது. பிட்டோவா பிற்காலத்தில் யானாச்செக்கின் மொராவிய நாட்டார் பாடல்களை ஷ்கம்பா என்ற தந்திக் கருவி நால்வர் குழுவுடன் பதிவுசெய்தது தற்செயலான தேர்வாக எனக்குத் தோன்றவில்லை.

ஒப்பனையறை எழுதியது:

வெண்பாமணி அம்மையாரின் பதிவை இருமுறை படித்தேன். ஆயினும் கருங்காலியின் அடிப்படைக் கருத்தோடு எனக்கு உடன்பாடு இல்லை. அந்த அணியின் உயிர் நாடகத்திலிருந்து வந்தது. நாடகத்தைக் கொண்டுவந்தவர் பிட்டோவா. சிறு நாடகக் குழுக்களில் பல ஆண்டுகள் ஒளியமைப்புச் செய்தவன் என்ற முறையில் இதை வலியுறுத்துகிறேன்.

பிட்டோவா 1958இல் வட மொராவியாவின் புருந்தாலில் பிறந்தார். அவருடைய தந்தை கொலோமான் பிட்டோ, தெற்கு ஸ்லோவாக்கியாவிலிருந்து வந்த இசைக் கலைஞர். டபுள் பேஸ், சிறு சுத்திகளால் தட்டி வாசிக்கும் தந்திக் கருவியான சிம்பலோம், கிட்டார், ட்ரம்பெட் என்று பல கருவிகளில் கைதேர்ந்தவர். தாய் லுத்மிலாவும் பாடியவர். மூன்று மகள்களில் இவா இரண்டாமவர். சிறுமியாக இருந்தபோது பாலேவும் வயலினும் கற்றார். குடும்பம் பிர்னோவுக்குக் குடிபெயர்ந்த பின்னர் வயலினை விட்டுவிட்டு, அங்குள்ள கன்சர்வேட்டரி என்ற கலைப் பள்ளியில் நடிப்பைப் பயின்றார். எழுபதுகளின் நடுவிலிருந்து ஏறத்தாழப் பத்தாண்டுகள் அவர் நடிகைதான். துஷான் ஹனாக் இயக்கிய 'ரூஷொவே ஸ்னி' என்ற 1976ஆம் ஆண்டுத் திரைப்படத்தில், தபால்காரர் ஒருவர் காதலிக்கும் ரோமா இளம்பெண்ணாக நடித்தார். 'கொள்ளைக்காரனுக்கு ஒரு கதைப்பாடல்' என்று பொருள்படும் இசை நாடகத்தில் நாயகி எர்ஷிகா அவரே.

அவர் நடித்த அரங்கத்தின் பெயரையும் சொல்ல வேண்டும். 'ஹுசா நா ப்ரொவாஸ்கு' என்றால் 'கயிற்றில் கட்டிய வாத்து'. 1969இல் குஸ்தாவ் ஹுசாக் ஆளும் கம்யூனிஸ்ட் கட்சியின் தலைமைக்கு வந்தபோது, 'ஹுசா' என்ற சொல் அவருடைய பெயரை நினைவூட்டுகிறது என்பதால் வாத்தை நீக்கிவிட்டு 'கயிற்றின் மீதான அரங்கம்' என்று மட்டும் சொல்ல வேண்டியதாயிற்று. 1989இல் அந்தக் கட்சியின் ஆட்சி வீழ்ந்த பிறகே வாத்து திரும்பி வந்தது. அந்த அரங்கத்தில் நடிகர் பாட வேண்டும், ஆட வேண்டும், கருவி வாசிக்க வேண்டும், வெறும் நாற்காலியைக் குதிரையாக்கிக் காட்ட வேண்டும். பிட்டோவாவின் குரல் ஒரே பாட்டுக்குள் குழந்தையாகவும் சூனியக்காரியாகவும் மணப்பெண்ணாகவும் மாறுவது அங்கே பெற்ற பயிற்சியின் விளைவு. ஃபைட் திறமையானவர் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பாத்திரங்களுக்கு மேடை அமைத்துக் கொடுத்தவராகவே நான் அவரைப் பார்க்கிறேன்.

வில்லும்நாணும் எழுதியது:

நான் வயலின் மாணவி. ஒப்பனையறை ஐயா சொன்னதோடு ஒரு செய்தியைச் சேர்க்க விரும்புகிறேன். தந்தை இறந்த பிறகுதான் பிட்டோவா மீண்டும் வயலினைக் கையிலெடுத்தார். பேராசிரியர் ருடால்ஃப் ஷ்டியாஸ்ட்னியிடம் முறையாகப் படித்தார். அந்தப் பேராசிரியர் மொராவிய நால்வர் குழுவின் முதல் வயலின் கலைஞர். நடிகையாகப் பெயர் பெற்றுவிட்ட ஒருவர், தம் இருபதுகளில் மாணவியாகத் திரும்பி உட்கார்ந்து வில் பிடிக்கக் கற்றது எனக்குப் பெரிய ஊக்கம்.

பாடிக்கொண்டே வயலின் வாசிப்பது எவ்வளவு கடினம் என்பதை வாசிக்காதவர்கள் அறிந்திருக்க வாய்ப்பில்லை. மேற்கத்திய முறையில் தாடை கருவியின் மீது அழுந்தியிருக்கிறது. வாயைத் திறந்தால் தாடையின் பிடி தளர்கிறது, பிடி தளர்ந்தால் இடக்கை கருவியைத் தாங்க வேண்டியிருக்கிறது, இடக்கை தாங்கினால் விரல்கள் மேலே ஏறத் தயங்குகின்றன. இதற்கு மேல் மூச்சு வேறு இருக்கிறது. பாட்டின் மூச்சும் வில்லின் நீளமும் வெவ்வேறு இடங்களில் முடிந்துபோகும். ஓராண்டாக எளிய நாட்டார் மெட்டு ஒன்றை இப்படிப் பயின்று வருகிறேன்; இன்னும் எட்டு வரிகளைத் தடங்கலின்றிக் கடக்க முடியவில்லை. பிட்டோவா இந்தத் தடையைக் கொண்டே இசையமைக்கிறார் என்று எனக்குத் தோன்றுகிறது. குறுகிய சொற்றொடர்கள், தந்தியை விரலால் சுண்டுவது, வில்லால் தட்டுவது, ஒரே இரட்டைத் தந்தி ஒலியை நிறுத்தி வைத்துவிட்டுக் குரலை மட்டும் அலையவிடுவது போன்றவை அந்த உடற்கட்டுப்பாட்டிலிருந்தே பிறந்திருக்க வேண்டும். இவ்வளவு வேலையைச் செய்பவருக்கு அருகில், காலத்தை எள்ளளவும் சிந்தாமல் பிடித்துக்கொள்ளும் ஒருவர் இருந்தால்தான் அவர் துணிந்து எல்லையைத் தாண்ட முடியும். எனவே ஃபைட்டை வெறும் மேடையமைப்பாளர் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை, ஐயா.

கருங்காலி எழுதியது:

வில்லும்நாணும் சகோதரி என் வேலையைப் பாதி குறைத்துவிட்டார். ஒப்பனையறை ஐயாவுக்கு நான் இரண்டு சான்றுகளை முன்வைக்கிறேன். முதலாவது, ஃபைட்டும் அமெரிக்க டிரம்ஸ் கலைஞர் ஜிம் மெனசஸும் சேர்ந்து செய்த 'சாங்ஸ் ஃபார் த டிரம்ஸ்' என்ற இசைத்தட்டு. முரசுகளுக்கான பாடல்கள் என்ற தலைப்பே ஃபைட்டின் எண்ணத்தைச் சொல்கிறது: முரசும் பாடும் என்று நம்பியவர் அவர். இரண்டாவது, சைபீரியாவின் யாக்கூத்திய நிலத்தைச் சேர்ந்த பாடகி ஸ்தெபனீடா பொரிசோவாவுடன் அவர் பின்னாளில் அமைத்துக்கொண்ட இருவர் அணி. முற்றிலும் வேறு மொழி, வேறு மரபு, வேறு தொண்டை. ஆனால் குரலும் முரசும் மட்டுமே தாங்கி நிற்கும் அதே கட்டமைப்பு. முதல் அணி பிட்டோவாவின் நாடகத் திறனால் மட்டும் உருவாகியிருந்தால், ஃபைட் அதே வடிவத்தை இன்னொருவரோடு மீண்டும் தேடிப் போயிருக்க மாட்டார்.

நெடுஞ்சாலை எழுதியது:

மன்னிக்க வேண்டும், இந்த உரையாடலில் ஒன்று விடுபட்டிருக்கிறது. 1987ஆம் ஆண்டு பிராகாவில் என்ன நடந்தது? 'ஜாஸ் பிரிவு' என்ற அமைப்பு 1971இல் இசைக் கலைஞர் சங்கத்துக்குள் தொடங்கப்பட்டு, அரசு வெளியிட மறுத்த நூல்களையும் இசைச் செய்திகளையும் உறுப்பினர்களுக்குக் கொண்டுசேர்த்தது. 1984இல் அதைக் கலைக்க உத்தரவு வந்தது. 1986 செப்டம்பரில் அதன் பொறுப்பாளர்கள் கைது செய்யப்பட்டனர். 1987 மார்ச் மாதம் தலைவர் காரெல் ஸ்ர்ப் 16 மாதச் சிறைத் தண்டனை பெற்றார். அதற்கு முன்னால் 1976இல் 'பிளாஸ்டிக் பீப்பிள் ஆஃப் த யூனிவர்ஸ்' என்ற ராக் குழுவைச் சார்ந்தவர்கள் மீது வழக்கு நடந்தது. அந்த வழக்கின் எதிரொலியாகவே 1977 ஜனவரியில் 'சாசனம் 77' என்ற மனித உரிமை அறிக்கை பிறந்தது. 1983இல் 'ட்ரிபுனா' என்ற கட்சி இதழ் புதிய அலை ராக்கைத் தாக்கி எழுதியதும் பல குழுக்கள் மேடையிழந்தன.

இத்தகைய ஆண்டில் அரசின் கட்டுப்பாட்டில் இருந்த பன்டோன் நிறுவனமே பிட்டோவா–ஃபைட் இசைத்தட்டை வெளியிட்டது. அப்படியானால் அவர்களை எதிர்ப்புக் கலைஞர்கள் என்று கொண்டாடுவது சரியாகுமா? வெளிநாட்டு இதழ்களில் இவர்களைப் பற்றிப் படிக்கும்போது இரும்புத் திரையைக் கிழித்தவர்கள் என்ற தொனி வருகிறது. அது என்னை உறுத்துகிறது.

வெண்பாமணி எழுதியது:

உங்கள் உறுத்தல் நியாயமானது. அவர்கள் தலைமறைவுக் கலைஞர்கள் அல்லர். அப்படிச் சொல்வது உண்மையில் சிறை சென்றவர்களுக்கு இழைக்கும் அநீதி. அக்காலத்தில் ஊதியம் பெற்று மேடையேற விரும்பும் இசைக் கலைஞர், தேர்வுக் குழு ஒன்றின் முன்னால் வாசித்துக் காட்டி, சான்றிதழ் பெற வேண்டும். பாடல் வரிகளையும் காட்ட வேண்டும். தடை செய்யப்பட்டவற்றுக்கும் அனுமதிக்கப்பட்டவற்றுக்கும் இடையில் சாம்பல் நிறமான ஒரு நிலம் இருந்தது. சிறு அரங்குகளும் மாணவர் மன்றங்களும் அந்த நிலத்தில்தான் உயிர்வாழ்ந்தன. பிர்னோ தலைநகரத்தின் பார்வையிலிருந்து சற்று விலகி இருந்ததும் உதவியிருக்கலாம். மாஸ்கோவில் கோர்பச்சேவ் வந்த பிறகு பிராகாவில் இருந்த அதிகாரிகளுக்கும் எதைத் தடுப்பது என்பதில் முன்பிருந்த உறுதி இல்லை.

ஆனால் ஒன்றை எண்ணிப் பாருங்கள். வரிகளைத் தணிக்கை செய்யும் அமைப்பு ஒன்றின் முன்னால், பொருளற்ற அசைகளையும் சிறுவர் பாட்டு போன்ற சொற்களையும் பாடுகிற குரல் எதைக் காட்ட முடியும்? தாளில் எழுதினால் அதில் ஒன்றுமே இராது. அதே வரி மேடையில் சீறலாகவும் விம்மலாகவும் வெளிப்படும்போது அரங்கில் இருப்பவர்களுக்குப் புரிய வேண்டியது புரிந்திருக்கும். இது துணிச்சலான எதிர்ப்பு என்று நான் சொல்லவில்லை. தாளில் பிடிபடாத ஒன்றை அவர்கள் செய்தார்கள் என்று மட்டும் சொல்கிறேன்.

தவில்வீதி எழுதியது:

ரோமா மரபைப் பற்றியும் ஒரு சொல். பிட்டோவா பிறந்த அதே 1958ஆம் ஆண்டில்தான் செக்கோஸ்லோவாக்கிய அரசு நாடோடிகளைக் கட்டாயமாக நிலையாகக் குடியமர்த்தும் சட்டத்தைக் கொண்டுவந்தது. ரோமா மக்களின் மொழியும் வாழ்க்கை முறையும் பின்தங்கிய நிலையின் மிச்சமாகவே கருதப்பட்ட காலம் அது. தந்தை வழியில் அந்த மரபைச் சுமந்தவர், அதே நாட்டின் மேடையில் அதை மறைக்காமல் பாடினார். அவருடைய தமக்கை ஈடா கெலரோவா ரோமா பாடல்களையே தம் வாழ்நாள் பணியாக்கிக்கொண்டார். இவாவிடம் அது நேரடியாக வெளிப்படுவதைக் காட்டிலும் குரலின் விளிம்பில், ஒரு சுரத்தை வளைத்து விடும் இடத்தில் கேட்கிறது. எனக்கு அதுவே போதுமானதாக இருக்கிறது.

படச்சுருள் எழுதியது:

இவர்கள் எப்படி வெளியுலகை அடைந்தார்கள் என்பதை எவரும் எழுதவில்லையே. முதலில் கவனித்தவர் ஆங்கிலேயரான கிறிஸ் கட்லர். 'ஹென்றி கவ்' என்ற ராக் குழுவில் டிரம்ஸ் வாசித்தவர், 1978இல் 'ரெக்கமெண்டட் ரெக்கார்ட்ஸ்' என்ற வெளியீட்டு, விநியோக அமைப்பைத் தொடங்கியவர். முதல் இசைத்தட்டு நாட்டுக்கு வெளியே கிடைப்பதற்கு அவர் வழிசெய்தார். கருங்காலி இதைத் தம் வாதத்துக்குப் பயன்படுத்திக்கொள்ளலாம்: இந்த அணியின் மதிப்பை வெளிநாட்டில் முதலில் உணர்ந்தவர் ஒரு டிரம்ஸ் கலைஞர்.

அடுத்து அதே ஹென்றி கவ் குழுவின் கிட்டார் கலைஞர் ஃப்ரெட் ஃப்ரித். அவரைப் பின்தொடர்ந்து நிக்கோலஸ் ஹும்பெர்ட், வெர்னர் பென்செல் ஆகியோர் எடுத்த 'ஸ்டெப் அக்ராஸ் த பார்டர்' என்ற கறுப்பு வெள்ளை ஆவணப்படம் 1990இல் வந்தது. நான் இவர்களை முதலில் பார்த்ததும் அந்தப் படத்தில்தான். கல்லூரி நாட்களில் தேய்ந்துபோன ஒரு ஒளிநாடாப் பிரதியில், படம் நடுங்கிக்கொண்டிருக்க, அந்தப் பெண் வயலினோடு பேசுவதையும் அவருக்கு எதிரில் ஒருவர் முழு உடலும் காதாகிக் கவனித்துக்கொண்டு வாசிப்பதையும் கண்டபோது, இசை என்பதைப் பற்றி நான் வைத்திருந்த எல்லைகள் நகர்ந்துவிட்டன. அந்தப் படத்துக்குப் பின்னர் ஐரோப்பா, அமெரிக்கா, ஜப்பான் என்று இருவரும் பயணம் செய்தனர். பெர்லின் சுவர் விழுந்து, பிராகாவில் 1989 நவம்பர் மாற்றமும் நிகழ்ந்துவிட்டதால் கடவுச்சீட்டுத் தடைகளும் தளர்ந்திருந்தன.

கடவுகள் திறந்த சிறிது காலத்திலேயே அணி கலைந்து, இருவரும் தனித்தனிப் பாதையில் சென்றார்கள் என்பதுதான் எனக்கு வருத்தம் தருவது.

ஒப்பனையறை எழுதியது:

அதை வருத்தத்துக்குரியதாக நான் கருதவில்லை, படச்சுருள் அவர்களே. பிட்டோவாவின் பின்னைய பணிகளை எண்ணிப் பாருங்கள். 1997இல் வாட்ஸ்லாவெக்குடன் செய்த 'பீலே இன்ஃபெர்னோ' என்ற இரட்டை இசைத்தட்டு செக் நாட்டில் இன்றும் நேசிக்கப்படுகிறது. வெள்ளை நரகம் என்று பொருள். அதே ஆண்டில் டொரொதியா கெல்லெரோவாவுடன் ஹங்கேரிய இசையமைப்பாளர் பேலா பார்டோக்கின் 44 இரட்டை வயலின் சிறுபடைப்புகளைப் பதிவுசெய்தார். ஸ்லோவாக்கிய இசையமைப்பாளர் விளாதிமீர் கோதாரின் 'மாத்தெர்' என்ற படைப்பில் பாடியது 2006இல் ஈசிஎம் என்ற இசைத்தட்டு நிறுவனம் வழியாக வந்தது. 2003ஆம் ஆண்டின் 'ஷெலாரி' திரைப்படத்தில் நடித்தார். 2007இல் அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்தார். 2013இல் ஈசிஎம் வெளியிட்ட தனி இசைத்தட்டில் 'துணுக்கு' என்று எண்ணிட்ட 12 பகுதிகள் இருக்கின்றன. அந்த அணியிலேயே நின்றிருந்தால் இவையெல்லாம் நமக்குக் கிடைத்திருக்குமா?

வில்லும்நாணும் எழுதியது:

நீங்கள் கொடுத்த பட்டியலிலேயே ஒரு செய்தி மறைந்திருக்கிறது, ஐயா. வாட்ஸ்லாவெக்கோடு இருவர், கெல்லெரோவாவோடு இருவர். இருவராக நின்று, எதிரில் இருப்பவருடைய மூச்சைக் கேட்டு வாசிப்பதை அவர் விட்டுவிடவே இல்லை. ஈசிஎம் தனி இசைத்தட்டில்கூட குரலும் வயலினும் ஒன்றையொன்று கேட்டுக்கொண்டிருக்கும் இருவராகவே எனக்கு ஒலிக்கின்றன. அந்தப் பழக்கம் ஃபைட்டுக்கு எதிரில் நின்ற ஆண்டுகளில் உறுதிப்பட்டது என்று நான் நம்புகிறேன்.

ஒப்பனையறை எழுதியது:

இதை நான் இந்தக் கோணத்தில் எண்ணியதில்லை. மேடையமைப்பாளர் என்று நான் எழுதிய சொல்லைத் திரும்பப் பெறுகிறேன். உடன் நடித்தவர் என்று மாற்றிக்கொள்கிறேன். நாடகத்தில் உடன் நடிப்பவர் ஒரு கணம் கவனம் சிதறினால் நம் வசனம் செத்துவிடும் என்பதை ஒவ்வொரு நடிகரும் அறிவார்.

ஆயினும் நாடகப் பயிற்சியே அந்தக் குரலின் ஊற்று என்ற என் கருத்தில் மாற்றமில்லை.

மாலைநேரம் எழுதியது:

இருவர் மட்டும் நின்று ராக் வாசிக்கும் வேறு அணிகளையும் சிலர் எனக்குப் பரிந்துரைத்தார்கள். ஜப்பானில் 1985இல் தொடங்கிய 'ரூயின்ஸ்', அமெரிக்காவின் 'லைட்னிங் போல்ட்' ஆகியவற்றைக் கேட்டேன். ரூயின்ஸில் தத்சுயா யோஷிதா டிரம்ஸ் வாசித்துக்கொண்டே தாம் உருவாக்கிய மொழியில் பாடுகிறார். வேகமும் திறமையும் வியப்பைத் தருகின்றன. ஆனால் பிட்டோவா–ஃபைட் அணியில் எனக்குக் கிடைத்த வெற்றிடம் அங்கே கிடைக்கவில்லை. என் ஒப்பீடு சரியா?

கருங்காலி எழுதியது:

சரியாகவே கேட்டிருக்கிறீர்கள். அந்த அணிகளில் பேஸ் கிட்டார் ஒலிவெளியின் அடிப்பகுதியை முழுவதும் நிரப்பி, பெருக்கப்பட்ட இரைச்சலால் இருவரை ஐவராக ஒலிக்கச் செய்கிறது. அது ஒரு தனிப்பட்ட அழகு. அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். யோஷிதா ஒருவரே இரண்டு வேலையையும் செய்வதால் குரல் பெரும்பாலும் அடியோடு சேர்ந்தே விழுகிறது. பிர்னோ அணியில் இருவரும் இருவராகவே ஒலிக்கிறார்கள். குரலின் கீழே தரை இல்லை. ஃபைட் பல இடங்களில் சிம்பல்களின் இரைச்சலைத் தவிர்த்துத் தோல்களின் ஓசையை மட்டும் விடுவதாக எனக்குக் கேட்கிறது, அதனால் ஒரு கிசுகிசுப்பும் முழுதாகக் கேட்கிறது. டிரம்ஸ் வாசிப்பவர்களிடம் இவ்வளவு அடக்கத்தை நான் அதிகம் கண்டதில்லை.

நெடுஞ்சாலை நண்பருக்கு ஒரு சொல்: உங்கள் பதிவுக்குப் பின்னர் நான் எழுதி வைத்திருந்த அறிமுகக் கட்டுரையிலிருந்து 'எதிர்ப்பு' என்ற சொல்லை இரண்டு இடங்களில் நீக்கினேன். நன்றி.

மாலைநேரம் அவர்களுக்கும், இனி கேட்கத் தொடங்குபவர்களுக்கும் நான் பரிந்துரைக்கும் வரிசை இது. முதலில் 1987 இசைத்தட்டை, எவருடைய விளக்கத்தையும் நினைவில் வைக்காமல் ஒரே அமர்வில் கேளுங்கள். பிறகு 'சாங்ஸ் ஃபார் த டிரம்ஸ்'. அதன் பிறகு 'பீலே இன்ஃபெர்னோ'வில் வாட்ஸ்லாவெக்கின் கிட்டார் அந்தக் குரலுக்கு எப்படி மெத்தை விரிக்கிறது என்று கவனியுங்கள். அடுத்த நாள் மீண்டும் 1987க்குத் திரும்பி வாருங்கள். இம்முறை குரலைப் பின்தொடராமல் டாம்-டாம்களை மட்டும் பின்தொடருங்கள். ஒலிபெருக்கியில் கேட்பது நல்லது. காதுக்குள் செருகும் கருவிகளில் தோலின் அதிர்வு பாதி காணாமல் போகிறது.

மாலைநேரம் எழுதியது:

இன்று இரவு தொடங்குகிறேன். 'ஸ்வத்பா'வை இந்த வரிசையில் எங்கே வைக்க வேண்டும் என்று நீங்கள் சொல்லவில்லையே?

கருங்காலி எழுதியது:

கடைசியில். டாம்-டாம்கள் பாடுவது காதுக்குப் பழகிய பிறகு அதைக் கேளுங்கள். கேட்டுவிட்டு இங்கே வந்து எழுதுங்கள்.